தங்கச்சி, முதலில் ஈரத்தைத் துடை

சீனர் கடையில் சாப்பிடுகிற இறைச்சிக் காய்கறிப் பிரட்டல், வீட்டில் செய்தால் மட்டும் ஏன் அப்படி வரமாட்டேன் என்கிறது என்று கேட்டாயே, தங்கச்சி. இறைச்சி கடிபடாமல் இழுக்கிறது, சாவிக்கீரை பழுப்பாகிச் சோர்ந்துவிடுகிறது, குவாலியின் அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் நிற்கிறது என்கிறாய். சாஸ் போத்தலை மாற்றியும் சரிப்படவில்லை என்கிறாய். போத்தலை விடு. அந்தத் தண்ணீரைக் கவனி. கோளாறு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நம் கை கறி வைத்துப் பழகிய கை. ஆட்டுப் பிரட்டல் என்றால் வெங்காயத்தை வதக்கி, இறைச்சியைப் போட்டு, அது விடுகிற தண்ணீரிலேயே மூடி வேகவைத்து, பிறகு சுண்ட விடுவோம். அங்கே தண்ணீர் நமக்காக வேலை செய்கிறது. சீனப் பிரட்டலில் அதே தண்ணீர் காரியத்தைக் கெடுக்கிறது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குவாலியில் ஈரம் நிற்கிற வரைக்கும் இறைச்சியின் மேற்பரப்பு அந்தச் சூட்டைத் தாண்டாது. ஆனால் இறைச்சி சிவந்து, தெருவில் போகிறவரையும் கடைக்குள் இழுக்கிற அந்த மணம் எழும்ப ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். கடைக்காரரின் அடுப்பு இரைந்துகொண்டு எரிகிற அடுப்பு. வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும். எவ்வளவு ஈரம் விழுந்தாலும் ஆவியாக்கித் தள்ளிவிடும். நம் வீட்டுக் காஸ் அடுப்பால் அது முடியாது. அடுப்பைத் திட்டிப் பயனில்லை; அதன் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். குவாலிக்குள் போகிற ஈரம் குறைய வேண்டும், ஒரு தடவைக்குப் போடுகிற அளவும் குறைய வேண்டும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த இறைச்சி, எந்தக் கீரை

நீ காணொளியில் பார்த்துவிட்டுக் கேட்டது அமெரிக்கச் சீனர் கடைகளின் மாட்டிறைச்சி புரோக்கோலிப் பிரட்டல். அதற்கு ஒரு கதை இருக்கிறது, நம் ஊருக்கும் கொஞ்சம் தொடர்புள்ள கதை. 1850களில் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கப்பலேறிய சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டோங் மாநிலத்தவர்கள். அதே நூற்றாண்டில் ஈயம் எடுக்கக் கிந்தா பள்ளத்தாக்குக்கு வந்த கன்டோனீஸ், ஹக்கா மக்களிலும் மிகப் பலர் அதே குவாங்டோங்கிலிருந்து வந்தவர்கள்தான். ஆக, அமெரிக்காவில் குவாலி பிடித்த கையும் ஈப்போவில் குவாலி பிடித்த கையும் ஒரே ஊர்ப்பக்கத்துக் கை. குவாங்டோங்கில் இந்தப் பிரட்டலுக்குக் கைலான்தான் போடுவார்கள். 1920களில் கலிபோர்னியாவில் புரோக்கோலி பெரிய அளவில் பயிராகிச் சந்தைக்கு வந்த பிறகு, அங்கே கைலான் இடத்தில் புரோக்கோலி உட்கார்ந்துகொண்டது. தாவர இனத்தில் இரண்டும் ஒன்றுதான், முட்டைக்கோஸும் அதே இனம்.

இங்கே ஜெலாப்பாங்கில் இருக்கும் நீ புரோக்கோலியைத் தேடி ஓட வேண்டியதில்லை. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்குகிற கீரை, காய் எல்லாம் ஈப்போ மார்க்கெட்டுகளுக்கு வந்துவிடுகிறது. கைலான் தண்டு தடிப்பாக, வெட்டிய முனை வெள்ளையாக ஈரத்தோடு இருந்தால் புதுசு. முனை காய்ந்து நடுவில் ஓட்டை தெரிந்தால் முற்றியது, விட்டுவிடு. புரோக்கோலிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் அதையே போடு, முறை மாறாது.

இறைச்சிக்கு வருகிறேன். நம் வீட்டுக் குவாலியில் மாட்டிறைச்சி ஏறாது, அது உனக்குத் தெரியும். அதற்காக இந்தப் பிரட்டலே நமக்கு ஆகாது என்று நினைக்காதே. நம் பக்கத்துச் சீனர் வீடுகளிலும் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அந்த வீடுகளில் இதே பிரட்டல் கோழியில் நடக்கிறது. எலும்பில்லாத கோழித் தொடை வாங்கு. நெஞ்சுக்கறி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது அரை நிமிடம் கூடினாலே வறண்டு போகும். கை பழகுகிற வரைக்கும் தொடைதான் உனக்குக் கைகொடுக்கும். ஆட்டிறைச்சி ஆசையென்றால் தொடைப்பகுதியில் கொழுப்பும் சவ்வும் எடுத்த துண்டாகக் கேள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களையும் சாப்பிடக் கூப்பிடுகிற எண்ணம் இருந்தால் ஹலால் கோழி, ஹலால் முத்திரையுள்ள சாஸ் என்று முதலிலேயே பார்த்து வாங்கிவிடு. அப்போது மேசையில் உட்காருகிற எல்லாரும் ஒரே தட்டிலிருந்து எடுக்கலாம். அந்த வசதி கோழிக்கு உண்டு.

மாட்டிறைச்சி சாப்பிடுகிற நம் கிறிஸ்தவ, முஸ்லிம் சொந்தங்களும் தோழிகளும் உன்னிடம் கேட்டால் இதைச் சொல்: மிருதுவாக வேண்டுமென்றால் மார்க்கெட்டில் பாத்தாங் பினாங் என்று கேட்க வேண்டும், விலை கூடும். மலிவாக உறைந்த நிலையில் வருகிற இந்திய இறைச்சி எருமை, நார் தடித்தது. அதிலும் நல்ல பிரட்டல் வரும், கீழே சொல்கிற சோடா வேலையை மட்டும் தவிர்க்கக் கூடாது.

நான்கு பேருக்கு 300 கிராம் இறைச்சி, 400 கிராம் காய்கறி. இதற்கு மேல் போகாதே. கடைக்காரரிடம் அரைக் கட்டி என்றால் 300 கிராம் நிறுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு எட்டுப் பேர் வந்தால் இரண்டு தடவை பிரட்டு, ஒரே தடவையில் இரட்டிப்பாக்காதே.

வெட்டுவதிலேயே பாதி மிருது வந்துவிடும்

இறைச்சியை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் உறைபெட்டியில் வை. கல்லாகக் கூடாது, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் கத்தி வழுக்காமல் மெல்லிசாக வெட்ட வரும். வெட்டுவதற்கு முன் இறைச்சியை வெளிச்சத்தில் வைத்துப் பார். நார்கள் ஒரு பக்கமாக ஓடும். அந்த நாருக்குக் குறுக்கே வெட்டு, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு. நாரோடு சேர்த்து நீளமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் முழு நீள நார் இருக்கும், அதைப் பல்தான் அறுக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் நாரைக் கத்தியே அறுத்துக் கொடுத்துவிடுகிறது. கோழியில் இது அவ்வளவு தெரியாது. ஆட்டிலும் மாட்டிலும் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் ஒரு படி அதிகம். வெட்டிய 300 கிராம் துண்டுகளில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிசறி, 20 நிமிடம் வை. சோடா இறைச்சியின் மேற்பரப்பில் காரத்தன்மையை ஏற்றுகிறது; அதனால் சூடு படும்போது புரதம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது குறைந்து, உள்ளே இருக்கிற சாறு வெளியேறாமல் நிற்கிறது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சவர்க்கார வாசம் அடிக்கும். அலசியதைக் கையால் பிழிந்து, சுத்தமான துணியிலோ சமையல் தாளிலோ பரப்பி ஒற்றி எடு. தலைப்பில் சொன்னேனே, அதன் முதல் இடம் இதுதான். நம் அம்மாக்கள் ஆட்டுக்குப் பப்பாளிக் காயைத் தடவுவார்கள். குழம்பில் போகிற பெரிய துண்டுக்கு அது அருமை. இவ்வளவு மெல்லிய துண்டில் பப்பாளி வேண்டாம். அதிலிருக்கிற நொதி புரதத்தையே வெட்டிவிடும். சற்றுக் கூடினால் கூழாகிப் போகும்.

கோழிக்குச் சோடா தேவையில்லை. நேராக ஊறவைப்புக்குப் போகலாம். உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி, கார்ன்ஃபிளார் மாவு இரண்டு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத் தூள் இரண்டு சிட்டிகை. கை வைத்துப் பிசை, தண்ணீர் முழுவதும் இறைச்சிக்குள் இறங்கிக் கிண்ணத்தின் அடி வெறுமையாகத் தெரியும் வரை. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றிப் புரட்டு. எண்ணெய் பூசியதால் துண்டுகள் குவாலியில் ஒன்றோடொன்று ஒட்டாது. மாவு சூட்டில் மெல்லிய தோல்போல வெந்து, சாற்றை உள்ளே பிடித்து, சாஸையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சீனர் கடை இறைச்சி வழுவழுவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். ஈரத்தைத் துடை என்று சொல்லிவிட்டு நானே தண்ணீர் ஊற்றச் சொல்கிறேனே என்று பார்க்காதே. உள்ளே இறங்கிய தண்ணீர் வேறு, வெளியே ஒழுகுகிற தண்ணீர் வேறு.

கடைகளில் சீனச் சமையல் மது ஒரு மூடி ஊற்றுவார்கள். நமக்கு வேண்டாம். இஞ்சி கூட ஒரு துண்டு போட்டால் இறைச்சியின் கவிச்சி போய்விடும்.

காய்கறியைக் காயவை

கீரை கழுவுவதை இறைச்சியில் கை வைப்பதற்கு முன்னாலேயே முடி. கைலானையும் சாவியையும் கழுவி, வடித்தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார். இலைக்குள் தேங்கிய தண்ணீர் இறங்க அரை மணி நேரமாவது ஆகும். அப்புறமும் துணியில் சுருட்டி ஒற்று. மழை நாளில் வாங்கிய கீரையானால் இன்னும் கவனம். நிறையப் பேர் கழுவிய கையோடு சொட்டச் சொட்டக் குவாலியில் போடுகிறார்கள். அந்த ஒரு செயலிலேயே பிரட்டல் அவியலாகிவிடுகிறது.

தண்டையும் இலையையும் பிரி. கைலான் தண்டின் அடிப்பகுதித் தோலைச் சீவி, சாய்வாக மெல்லிசாக வெட்டு. கேரட் வெகு மெல்லியதாக. ஒரு காய் வேகும்வரை மற்றொன்று காத்திருக்க முடியாது. ஆகவே கடினமான காயை மெல்லிசாகவும் மிருதுவான காயைப் பெரிதாகவும் வெட்டி நேரத்தைச் சமப்படுத்திக்கொள். புரோக்கோலி, காலிபிளவர் போடுவதென்றால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டி, எடுத்துப் பரப்பி ஆவி போகக் காயவை. காளானைக் கழுவி ஊறவிடாதே, ஈரத் துணியால் துடைத்தாலே போதும். முட்டைக்கோஸ், பீன்ஸ், கெப்சிகம் எல்லாம் நல்லது. வெள்ளரியும் தக்காளியும் இதற்கு ஆகாது, தண்ணீர்தான் விடும். ஒரு தடவைக்கு மூன்று காய் போதும். இருக்கிற காயெல்லாம் ஒரு கைப்பிடி என்று போட்டால் எதுவும் பதமாக வேகாது.

தௌகேயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். புந்தோங் தௌகே குட்டையாக, தடிப்பாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். சுண்ணாம்புக்கல் மலைகளின் தண்ணீரால் வந்த வாகு என்று ஈப்போக்காரர்கள் சொல்வார்கள். தௌகே கோழிக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது இதுதான். நமக்கோ புந்தோங் கூப்பிடு தூரம். கச்சாங் பூத்தே வாங்கப் போகிறபோதே தௌகேயும் வாங்கிவிடலாம். வால் போன்ற வேரைக் கிள்ளி எடுக்கப் பொறுமை வேண்டும், பிள்ளைகளை உட்காரவைத்துக் கிள்ளச் சொல். அன்றைக்கு வாங்கி அன்றைக்கே சமைத்துவிடு. தௌகேயில் தண்ணீர் அதிகம், ஆகவே எல்லாவற்றுக்கும் கடைசியில், இறக்குவதற்கு அரை நிமிடம் முன்னால்தான் அது குவாலியைப் பார்க்க வேண்டும்.

சாஸைக் கிண்ணத்திலேயே கலந்துவிடு

அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு போத்தல் போத்தலாகத் திறந்து ஊற்றினால், நீ மூன்றாவது மூடியைத் திறப்பதற்குள் பூண்டு கருகிவிடும். ஒரு கிண்ணத்தில் உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, ஓய்ஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, கார்ன்ஃபிளார் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி. நிறத்துக்குக் கெட்டிக் கிச்சாப் கால் தேக்கரண்டி. அவ்வளவுதான். இனிப்புக் கிச்சாப் போத்தலையும் கெட்டிக் கிச்சாப் போத்தலையும் மாற்றி எடுத்துவிடாதே. இரண்டும் கறுப்பு, இரண்டும் வழியும், ஆனால் இனிப்பு ஊற்றினால் பிரட்டல் பாயசமாகும். மாவு அடியில் தங்கிவிடும், ஊற்றுவதற்கு முன் மறுபடி கலக்கு.

உப்பு தனியாகப் போடாதே. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ஊறவைத்ததிலும் சாஸிலுமாகப் போனதை நான்கு பேருக்குப் பங்கிட்டால் சமாளிக்கலாம். அதற்குமேல் உப்பு, மேசையில் இன்னொரு தடவை கிச்சாப் என்று போனால் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கு வேலை வைத்ததாகும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று வந்தது. இந்தியர்களிடையேதான் விகிதம் மிகவும் அதிகம். அதனால்தான் சீனி அரைத் தேக்கரண்டியோடு நிறுத்தச் சொன்னேன், கடையில் இதைவிடக் கூடத்தான் போடுவார்கள். நம் வீட்டில் சோறு குறைவாகவும் இந்தக் காய்கறி கூடுதலாகவும் தட்டில் விழுந்தால் அதுவே எனக்குப் போதும்.

வாசத்துக்கு எள்ளெண்ணெய் சில துளி, அடுப்பை அணைத்த பிறகு. இங்கே கவனம் தேவை. நம் தோசைக்கும் மிளகாய்ப் பொடிக்கும் ஊற்றுகிற நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. சீனர் கடையில் இருப்பது வறுத்த எள்ளின் எண்ணெய், பழுப்பு நிறமாக, மூக்கைத் துளைக்கும். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. சின்னப் போத்தலாக ஒன்று வாங்கி வை, பல மாதம் வரும்.

தீயின் முன்னால்

எல்லாம் வெட்டி, கலந்து, கைக்கெட்டும் வரிசையில் வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இடமிருந்து வலமாக, குவாலியில் போடும் ஒழுங்கில் அடுக்கு: எண்ணெய், இறைச்சி, இஞ்சி பூண்டு, தண்டு, இலை, சாஸ், தௌகே. பிரட்ட ஆரம்பித்தால் ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நடுவில் கைப்பேசி எடுக்கிற பழக்கம் இருந்தால் அதை முன்னறையிலேயே வைத்துவிட்டு வா.

குவாலி இரும்பாக இருக்கட்டும். வீட்டில் ஒட்டாத பூச்சுப் பாத்திரம்தான் இருக்கிறது என்றால் அதை வெறுமனே பெரிய தீயில் காயவிடாதே. 260 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு கெட்டு ஆகாத புகை விடும். அதில் செய்வதானால் நடுத்தரத் தீ, இன்னும் சின்ன அளவு, முதலிலேயே எண்ணெய். இரும்புக் குவாலி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். புதிதாக வாங்கியதைத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவிப் புகைய விட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவிக் காய்ச்சு. தோசைக்கல்லைப் பழக்குகிற அதே வேலைதான். நன்றாகக் கறுத்த குவாலியில் இறைச்சி ஒட்டாது.

குவாலியைப் பெரிய தீயில் வை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் உருண்டு ஓடி மறைய வேண்டும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். நம் நாட்டுச் செம்பனைச் சமையல் எண்ணெய் இதற்கு மிகப் பொருத்தம், அவ்வளவு சீக்கிரம் புகையாது. இறைச்சியில் பாதியை மட்டும் போட்டுப் பரப்பு. போட்டதும் கிளறாதே! இருபது, முப்பது நொடி தொடாமல் விடு. அடிப்பக்கம் சிவக்கட்டும். கிளறிக்கொண்டே இருந்தால் துண்டுகள் சூட்டில் ஒட்டி நிற்க நேரமில்லாமல் சாறு விடத் தொடங்கிவிடும். சிவந்ததும் புரட்டு, மறுபக்கமும் நிறம் மாறியதும் தட்டில் எடு. நடுவில் கொஞ்சம் வேகாமல் இருக்கலாம், பரவாயில்லை, திரும்பவும் வரப்போகிறது. குவாலி மறுபடி காயும் வரை பொறு, பிறகு மீதிப் பாதி. இந்தப் பொறுமைதான் கடினம். பசித்த பிள்ளைகள் பின்னால் நின்று கத்தும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடத்தான் கை போகும். கொட்டினால் குவாலியின் சூடு ஒரேயடியாக இறங்கி, நீ சொன்ன அந்தக் கிண்ணம் தண்ணீர் வந்து நிற்கும்.

இறைச்சி வெளியே வந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லிசாக வெட்டிய இஞ்சி, தட்டிய பூண்டு நான்கு பல். பத்து நொடி. உடனே தண்டும் கேரட்டும். ஒரு நிமிடம் பிரட்டி, குவாலியின் ஓரத்தைச் சுற்றி ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளி, ஆவியில் தண்டு வெந்துவிடும். அது ஒரு மேசைக்கரண்டிதான். கறிச்சட்டிக்கு ஊற்றுகிற மாதிரி குவளையைச் சாய்த்துவிடாதே. மூடி போடாதே. மூடினால் பச்சை நிறம் மங்கும், மூடியில் கோத்த தண்ணீர் திரும்பவும் குவாலியில்தான் விழும். இலையைப் போட்டு அரை நிமிடம். இறைச்சியைத் தட்டில் தேங்கிய சாற்றோடு உள்ளே தள்ளி, கலக்கிய சாஸை ஓரத்தில் சுற்றி ஊற்று. காய்ந்த இரும்பில் பட்டுச் சீறிக்கொண்டு இறங்கும்போது எழும் மணத்தை விட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் நடுவில் ஊற்றாமல் ஓரத்தில் ஊற்றச் சொல்கிறேன். சாஸ் குமிழியிட்டுப் பளபளத்ததும் தௌகே, இரண்டு புரட்டு, அடுப்பை அணை. கோழியாக இருந்தால் தடித்த துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. எள்ளெண்ணெய் விட்டு உடனே பரிமாறு. குவாலியிலேயே விட்டுவைத்தால் அதன் சூட்டில் கீரை வெந்துகொண்டே இருக்கும்.

மிளகாய் எங்கே என்று கேட்பாய். குவாலியில் போடாதே. அந்தச் சூட்டில் மிளகாய் விதை கருகி, வீடு முழுக்க இருமல்தான். மசாலாத் தூளும் வேண்டாம், சீரகமும் கறிவேப்பிலையும் வந்தால் இது வேறு பதார்த்தம் ஆகிவிடும். ஈப்போக் கடைகளில் மேசைக்கு வருகிறதே, வெட்டிய சிலி பாடி மிதக்கிற கிச்சாப், அதைச் சின்னக் கிண்ணத்தில் வை. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டால் கிச்சாப் குறைவாகவே போதும். காரம் வேண்டியவர்கள் தொட்டுக்கொள்ளட்டும், பிள்ளைகளின் தட்டில் விழாது.

பின்கட்டில் வெளி அடுப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பிரட்டலை அங்கே செய்வது நல்லது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வீட்டுக்குள் வராது. கடைக்காரர்கள் பாவிக்கிற உயர் அழுத்த அடுப்பு வாங்குகிறாயா? அதற்கென்று உள்ள ரெகுலேட்டரும் குழாயும் வேண்டும், வீட்டு அடுப்பின் குறைந்த அழுத்த ரெகுலேட்டரில் மாட்டக் கூடாது, உயர் அழுத்த ரெகுலேட்டரில் வீட்டு அடுப்பையும் மாட்டக் கூடாது. காற்றோட்டமான வெளியில் மட்டும்தான் எரிக்க வேண்டும். இணைத்த இடங்களில் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார், குமிழி வந்தால் கசிவு. இதில் சிக்கனம் பார்க்காதே. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. அடுப்பை அணைத்து, குவாலியைப் பெரிய மூடியால் மூடிவிடு. அந்த மூடியை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்.

விரத நாளில்

தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் காவடி எடுக்கிற வீட்டில் வாரக் கணக்கில் சைவம்தானே. புரட்டாசியும் அப்படித்தான். அந்த நாட்களில் இறைச்சிக்குப் பதில் கெட்டித் தௌஃபூ. கட்டியைத் துணியில் சுற்றி, மேலே அம்மியின் குழவியையோ கனமான பாத்திரத்தையோ வைத்து அரை மணி நேரம் தண்ணீரை இறக்கு. கார்ன்ஃபிளாரில் புரட்டி, கொஞ்சம் அதிக எண்ணெயில் எல்லாப் பக்கமும் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துவைத்து, இறைச்சி சேர்க்கிற இடத்தில் சேர். ஓய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது, விரதத்துக்கு ஆகாது. காளானில் செய்த சைவச் சாஸ் கடைகளில் தனியாக இருக்கிறது, அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு. பூண்டும் வெங்காயமும் தவிர்க்கிறவர்கள் இஞ்சியை இரட்டிப்பாக்கினால் போதும். உலர்ந்த காளானை ஊறவைத்துப் பிழிந்து போட்டால் சுவை கூடும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதே, சாஸுக்கு ஊற்றுகிற நான்கு மேசைக்கரண்டித் தண்ணீர் அதுவாகவே இருக்கட்டும்.

மிச்சம் இருந்தால் நம் ஊர் வெக்கையில் மேசையிலேயே விட்டுவைக்காதே, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். மறுநாள் பசியாற அதைக் குவைத்தியாவோடு சேர்த்துப் பிரட்டிக் கொடு. சூடு நன்றாக ஏறியதும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தௌகே மட்டும் புதிதாக ஒரு கைப்பிடி போட்டுக்கொள். முதல் நாள் தௌகே இதற்குள் துவண்டு போயிருக்கும்.